காரை லோயர் பண்ணியாச்சா? முதல்ல டயரோட உள்பக்கத்தைப் பாருங்க!

ஸ்போர்ட்ஸ் காரை இரண்டு இன்ச் இறக்கியாச்சு, போட்டோ போட்டாச்சு, லைக்ஸும் வந்தாச்சு. இப்போ ஒரு வேலை செய்யுங்க. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசா ஒடிச்சு நிறுத்திட்டு, முன் டயரின் உள் விளிம்பில் டார்ச் அடிச்சுப் பாருங்க. வெளியே பட்டன் புதுசு மாதிரி இருக்கும். உள்ளே வழுக்கையாகி கம்பி எட்டிப் பார்க்கலாம். அந்த டயரோடு ஹைவேயில் 100-ல் போவது உயிரோடு விளையாட்டு.

பலரும் பழியை கேம்பர் மேல் போடுவார்கள். காரை முன்னால் நின்று பார்க்கும்போது தெரியும் சக்கரத்தின் சாய்வுதான் கேம்பர். காரை இறக்கினால் அது உள்பக்கமாகக் கூடுவது உண்மைதான். ஆனால், டயரை வேகமாகத் தின்பது டோ. மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா, முன்பக்கம் விரிந்தோ குவிந்தோ நிற்கின்றனவா என்பதுதான் அது. உயரம் மாறினால் டை ராடின் கோணமும் மாறி, டோ தானாக விலகிவிடும். அப்புறம் டயர் உருளும்போதே பக்கவாட்டிலும் தேய்ந்துகொண்டே போகும். பட்டனைக் குறுக்கே தடவிப் பாருங்க (கம்பி தெரிந்தால் கை வைக்காதீங்க, கிழிச்சிடும்). ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த்திசையில் ரம்பப் பல் என்றால் டோ. உள் விளிம்பு மட்டும் சீராகத் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் கேம்பர்.

‘இறக்கினா வளைவுல சாயாது’ன்னு சொல்வாங்க இல்லையா? பாதிதான் சரி. மேக்பெர்சன் ஸ்ட்ரட் உள்ள கார்களில் அளவுக்கு மீறி இறக்கினால், லோயர் ஆர்மின் சக்கரப் பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே போய்விடும். இடைவெளி கூடக் கூட, சாய்க்கும் விசைக்கு நெம்புகோல் நீளமாகும். அதாவது, பழைய ஸ்பிரிங்கோடு இறக்கினால் முன்னைவிட அதிகமாகவே சாயலாம். கிரைண்டரில் ஸ்பிரிங்கை வெட்டுவது இதுக்கு வழியில்லை, பாஸ். சக்கரம் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையைவிட்டு நழுவலாம். குறைந்த உயரத்துக்கான ஸ்பிரிங்கும், அதற்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பரும் ஜோடியாக வேண்டும்.

எதைச் சரிசெய்ய முடியும் என்பது காரைப் பொறுத்தது. 1989-ல் வந்த முதல் தலைமுறை மஸ்தா எம்எக்ஸ்-5-ல் நான்கு சக்கரங்களுக்கும் டபுள் விஷ்போன். போல்ட்டைத் திருப்பியே கேம்பரையும் டோவையும் மாற்றலாம். டொயோட்டா 86-ன் முன்பக்கம் ஸ்ட்ரட் என்பதால், கேம்பரை வேண்டிய அளவு நகர்த்த கேம்பர் போல்ட்டோ பிளேட்டோ தனியாகப் போட வேண்டும்.

வேலையின் வரிசை ரொம்ப முக்கியம். முதலில் உயரம், அலைன்மென்ட் கடைசியில். அலைன்மென்ட் முடித்துவிட்டு ‘இன்னும் கொஞ்சம் இறக்கலாம்’னு தோணினா, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கணும். ஆர்ம்களின் புஷ் போல்ட்டை ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால், காரைத் தரையில் வைத்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். காரின் எடை சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. பிறகு டயர் காற்றைச் சரிபார்த்து, டிரைவர் சீட்டில் உங்கள் எடைக்கு ஏதாவது ஏற்றி (அரிசி மூட்டைகூட ஓகே!), பின் சக்கரங்களை முதலிலும் முன் சக்கரங்களை அடுத்தும் அளக்கச் சொல்லுங்க. தினசரி ஓட்டத்துக்கு முன்பக்கம் கேம்பர் மைனஸ் 1 முதல் 1.5 டிகிரி, டோ பூஜ்யம். பின்பக்கம் லேசான டோ-இன். ரேஸ் டிராக் அளவுகளை ரோட்டுக்குக் கொண்டுவராதீங்க.

இந்தியாவில் சட்டத்தையும் பார்க்கணும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எனவே, எதையும் கழற்றுவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டுடுங்க.

அலைன்மென்ட் முடிந்ததும் ‘எல்லாம் பச்சைல இருக்கு’ என்பதோடு விடாமல், முன்-பின் அளவுகள் உள்ள பிரின்ட் அவுட்டைக் கேட்டு வாங்குங்க. அந்தப் பச்சை, பல நேரம் கம்பெனி உயரத்துக்கான அளவு. புது ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு, சில நூறு கிலோமீட்டரில் அதே தாளோடு மறுபடி போய் அளக்கச் சொல்லுங்க.