மூன்று பாடப் பட்டமும் ஒரு மலைச்சரிவும்

புவியியல், பொருளியல், தமிழ் என மூன்று பாடங்களில் பொதுக் கலைமாணிப் பட்டம் பெற்று அக்கரப்பத்தனைக்குத் திரும்பும் பிள்ளையிடம் லயத்தில் கேட்கப்படும் முதற் கேள்வி, “டீச்சர் வேலை எப்ப கெடைக்கும்?” என்பதுதான். ஆசிரியப் பணியும், அதில் சேர்ந்தபின் முடிக்கும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் மதிப்புக்குரியவையே. ஆனால் வேறு வழியே இல்லை என்ற எண்ணத்துக்குப் பின்னால், பொதுப் பட்டம் அரைகுறைப் படிப்பு என்ற மதிப்பீடு இருக்கிறது. அந்த மதிப்பீடு தவறானது.

அதற்கு ஓரளவு காரணம் ஏணியின் அமைப்பு. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் மூன்றாண்டுப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம். நான்காண்டுச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். பாடநெறி வழியான முதுமாணி 9ஆம் மட்டத்திலும், ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டத்திலும், முதுதத்துவமாணி 11இலும், கலாநிதி 12இலும் உள்ளன. ஆய்வை நாடும் பொதுப் பட்டதாரிக்கு 10ஆம் மட்டமே நல்ல பாலம். அதில் எழுதும் ஆய்வேடுதான் மேலே செல்லும்போது கைகொடுக்கும்.

எதை ஆராய்வது?

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்பே விடுக்கப்பட்டிருந்தது. மக்கள் ஏன் இடம்பெயரவில்லை? மண்ணின் தன்மை புவிச்சரிதவியலாளருக்குத் தெரியும். குடியிருக்கும் நிலம் தொழிலாளிக்குச் சொந்தமில்லை என்பதும், லயத்தை விட்டால் வேலைத்தலம் தூரமாகும் என்பதும் பொருளியல். எச்சரிக்கை எந்த மொழியில், யார் வாயிலாக வந்தது என்பது மொழியின் கேள்வி. ஒரே பாடத்துக்குள் நிற்பவர் இதில் ஒரு பங்கைத்தான் காண்பார்.

இப்படிக் கேள்வியை முன்வைத்தால் படிப்பும் தெளிவாகும். புவியியலில் ஊன்றியவர், பேராதனையில் 1996இல் நிறுவப்பட்ட விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தின் புவியியல் தகவல் முறைமை, அனர்த்த முகாமைத்துவம் போன்ற நெறிகளின் அனுமதி நிபந்தனைகளைப் பார்க்கலாம். தேயிலைப் பொருளாதாரத்தை நாடுபவருக்கு 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலேயே, தலவாக்கலையில் இருக்கிறது.

தமிழை ஊன்றுகோலாகக் கொள்பவருக்கு வலன்டைன் டானியலின் அனுபவம் பயன்படும். இலங்கையில் பிறந்த இந்த மானிடவியலாளர், 1983இல் தோட்டப் பெண்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டவே வந்தார். அவ்வாண்டின் வன்முறை அவர் ஆய்வைத் திருப்பியது. 1996இல் வன்முறை பற்றிய நூலாக அது வெளிவந்தது. பாட்டு, வரலாறு, மானிடவியல் மூன்றும் அதில் ஒன்றுசேர்ந்தன.

இனிப் பேச வேண்டியது தூரம். வார இறுதி வகுப்புக்கு அக்கரப்பத்தனையிலிருந்து பேராதனைக்குப் போய்வர ஒரு நாள் முழுதும் செலவாகும்; பயணச் செலவும் தங்கும் செலவும் சேரும். ஆகவே பல்கலைக்கழகங்கள் முதுமாணி வகுப்புகளில் ஒரு பகுதியையாவது ஹட்டனில் தமிழில் நடத்த வேண்டும். பொதுப் பட்டதாரிகளுக்கான இணைப்புப் பாடங்களை அங்கேயே முதலில் தொடங்கலாம்.