மீன்தொட்டி ஃபில்டருக்குள் ஒரு சரித்திரம்

வீட்டு மீன்தொட்டிக்கு வாங்கும் ஃபில்டர் டப்பாவுக்குள் மூன்று சரக்குகள் இருக்கும். பஞ்சு, செராமிக் வளையங்கள், கரி. தண்ணீர் முதலில் முரட்டு ஸ்பாஞ்சில் நுழைய வேண்டும். அப்புறம் மெல்லிய பஞ்சு, அதற்குப் பின் வளையங்கள். கரி போடுவதாக இருந்தால் கடைசியில். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன சென்னை கொளத்தூரிலும் இதே வரிசைதான், தென்காசி மாவட்டம் ராயகிரியில் ஒரு வீட்டில் தொட்டி வைத்தாலும் இதே வரிசைதான். ஆனால் இது ஒரே நாளில் யாருக்கோ தோன்றிய யோசனை அல்ல. இதற்குப் பின்னால் காலரா இருக்கிறது, கீழ்ப்பாக்கம் இருக்கிறது, சாக்கடைத் தண்ணீரும் இருக்கிறது!

தண்ணீரைத் தெளிய வைப்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. மழைக்காலத்தில் கலங்கி வரும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரைத்து விடுவார்கள். மண் அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்த நீர். கலித்தொகையிலேயே இதை உவமையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தெளிந்த நீர் எல்லாம் நல்ல நீர் இல்லையே...

ஐரோப்பாவிலும் அப்போது அதே எண்ணம்தான். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் 1804-ல் ஜான் கிப் என்பவர் தன் துணி வெளுக்கும் ஆலைக்காக ஒரு மணல் வடிகட்டி கட்டினார். மிஞ்சிய தண்ணீரை ஊருக்கு விற்றார். 1829-ல் லண்டன் செல்சியில் ஜேம்ஸ் சிம்ப்சன் பெரிய அளவில் கட்டினார். மணல் ஒரு சல்லடை, அழுக்கைப் பிடிக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தார்கள்.

அதற்கு மேலும் ஏதோ இருக்கிறது என்று ஊருக்கே புரிய வைத்தது 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் வந்த காலரா. எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்த அந்த நகரத்தில் 8,600 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒட்டியே இருந்த ஆல்டோனா நகரம் அதே ஆற்றில், அதுவும் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு, தண்ணீர் எடுத்தது. ஆனால் மணலில் வடித்துக் குடித்தது. அங்கே சாவு மிகக் குறைவு! இரண்டு ஊருக்கும் எல்லையான தெருவில் ஒரு பக்கம் நோய், எதிர்ப்பக்கம் இல்லை. ராபர்ட் கோக் இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்.

சென்னைக்கு 1872-ல் செங்குன்றம் ஏரியிலிருந்து தண்ணீர் வர ஆரம்பித்தது. திறந்த வாய்க்காலில், வடிகட்டாமல். கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வந்தது 1914-ல்தான். (இதில் ஒரு வேடிக்கை: மெரினாவில் மீன் காட்சியகம் 1909-லேயே திறந்துவிட்டார்கள். மீன்களுக்கு மாளிகை வந்து ஐந்து வருஷம் கழித்துத்தான் மனிதர்களுக்கு வடிகட்டிய தண்ணீர்!)

இந்த மாதிரி வடிகட்டியில் மேலே நுண்மணல், கீழே சல்லி. தண்ணீர் மணிக்கு ஒரு சாண் அளவுக்குக்கூட இறங்காது. சில நாட்களில் மணலின் மேல் வழவழப்பாக ஓர் ஆடை படியும். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் கிருமிகளைத் தின்று தீர்ப்பதில் பெரும் பங்கு அந்த ஆடையில் வாழும் நுண்ணுயிர்களுக்குத்தான். புதிதாகக் கழுவிப் போட்ட மணல் அந்த அளவுக்கு உதவாது.

இங்கே ஒரு கேள்வி வரும். கீழ்ப்பாக்கத்தில் நுண்மணல் முதலில், சல்லி பிறகு. மீன்தொட்டியில் மட்டும் ஏன் முரட்டு ஸ்பாஞ்ச் முதலில்? வேகம்தான் காரணம். அங்கே தண்ணீர் ஊர்ந்து போகிறது. அடைத்துக்கொண்டால் வடித்துவிட்டு மேல்மணலை ஓரிரு சென்டிமீட்டர் சுரண்டி எடுத்தால் போதும். சல்லிக்கு அங்கே மணலைத் தாங்குவது மட்டும்தான் வேலை. சின்ன டப்பாவிலோ மோட்டார் வேகமாகத் தள்ளுகிறது. மெல்லிய பஞ்சை முதலில் வைத்தால் மீன் எச்சமும் மிச்சத் தீனியும் சேர்ந்து இரண்டே நாளில் அடைத்துவிடும்.

சரி, வளையங்கள் எதற்கு? அதற்கு விடை 1877-ல் பிரான்சில் கிடைத்தது. ஷ்லோசிங், மியுன்ட்ஸ் என்ற இரண்டு பேர் ஒரு நீளக் குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பி, மேலிருந்து சாக்கடை நீரைச் சொட்டவிட்டார்கள். இருபது நாள் வரை ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு உள்ளே போன அம்மோனியா, நைட்ரேட்டாக வெளியே வந்தது! குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், வேலை நின்றுவிட்டது. அப்படியானால் அதைச் செய்தது மணல் அல்ல, மணலில் குடியிருந்த உயிர்கள்.

இங்கிலாந்தில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் ராபர்ட் வாரிங்டன். அவருடைய அப்பா பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். அவர் யார் தெரியுமா? 1850 வாக்கில் தங்கமீன், நத்தை, நீர்ச்செடி மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்து, தண்ணீர் மாற்றாமலே வாழ வைத்துக் காட்டியவர். அப்பா தொட்டி வைத்தார், பிள்ளை தொட்டிக்குள் நடப்பதற்கான காரணத்தைத் தேடினார்! அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்தவர் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி, 1890 வாக்கில். அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒரு கூட்டம், அதை நைட்ரேட்டாக்குவது இன்னொரு கூட்டம். மீன்தொட்டிகளில் இந்த இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று ஹோவனெக் குழு 1998-ல்தான் கண்டுபிடித்தது.

செராமிக் வளையத்தின் நுண்துளைகள் இவற்றுக்கான வீடுகள். புதுத் தொட்டியில் முதல் வாரமே மீன்களை நிரப்பி, அவை ஒவ்வொன்றாகச் செத்து மிதப்பதைப் பார்த்து "ராசியில்லாத தொட்டி" என்று ஒதுக்கிவைப்பவர்கள் உண்டு. ராசி எல்லாம் இல்லை, குடியேற மூன்று நான்கு வாரம் ஆகும், அவ்வளவுதான். அதே மாதிரி, பளிச்சென்று இருக்கட்டும் என்று வளையங்களைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால், அதிலுள்ள குளோரின் 1877-ன் குளோரோஃபார்ம் செய்த வேலையைச் செய்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசி வைக்க வேண்டும்.

பிரான்சில் நின்றுபோன குழாயை மறுபடி ஓடவைக்க அவர்கள் செய்தது, நல்ல மண்ணைக் கரைத்த நீரை அதில் ஊற்றியதுதான். புதுத் தொட்டி வைப்பவர்கள், மீன்கள் நலமாக இருக்கும் ஒரு பழைய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி வளையங்களை ஈரம் காயாமல் வாங்கி வந்து போடுகிறார்களே, அதுவும் இதேதான்.