தீவனக் கடையில் பிறந்த தொழில்: அமெரிக்கக் கறிக்கோழி நிறுவனங்களும் முதலீட்டாளரும்

அமெரிக்கப் பங்குச் சந்தையில் கோழி இறைச்சி நிறுவனங்கள் என்று பெயர் பெற்றவற்றுள் பல, தொடக்கத்தில் கோழி வளர்த்தவை அல்ல. கால்நடைத் தீவனமும் விதையும் விற்ற சிறு கடைகளாகவே தோன்றியவை. டெக்சாஸ் மாநிலத்துப் பிட்ஸ்பர்க் ஊரில் 1946இல் ஆப்ரி பில்கிரிம் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து வாங்கியது தீவனக் கடை. மிசிசிப்பி மாநிலத்து லாரல் நகரில் சாண்டர்சன் குடும்பத்தார் 1947இல் நடத்தத் தொடங்கியதும் தீவன, விதைக் கடையே. அதே ஆண்டில் ஆர்கன்சாவில் டைசன் நிறுவனம் பதிவு செய்யப்பட்டபோது அதன் பெயரில் இடம்பெற்றவை தீவனமும் குஞ்சு பொரிப்பகமும்தாம். தீவன விலை ஏறும்போதெல்லாம் இந்நிறுவனங்களின் பங்குகள் ஏன் தள்ளாடின, அவற்றுள் சில மட்டும் ஏன் விழுந்தன என்பதற்கான விடையை இந்தப் பிறப்பிலிருந்தே தேடவேண்டும்.

கறிக்காகவே கோழி வளர்ப்பது அந்நாட்டிலும் பழைய வழக்கம் அன்று. 1920கள் வரை முட்டைக் கோழிப் பண்ணையின் உபரியாகவே இறைச்சி கிடைத்தது. டெலவேர் மாநிலத்தின் ஓஷன் வியூ ஊரில் செசில் ஸ்டீல் என்ற பெண்மணி 1923இல் 50 குஞ்சுகள் கேட்டிருக்க, பொரிப்பகத்தார் தவறுதலாக 500 குஞ்சுகளை அனுப்பிவிட்டதும், அவர் அவற்றைத் திருப்பாமல் வளர்த்துப் பிழைத்த 387 கோழிகளைப் பவுண்டு 62 சென்ட் வீதம் விற்றதும் இத்தொழிலின் தோற்றக் கதையாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. கதை உண்மைதான் எனினும், தொழிலின் அமைப்பை உருவாக்கியது அந்த விற்பனை அன்று. அக்காலத்தில் ஒரு பவுண்டு உயிர் எடைக்கு ஏறத்தாழ 4.7 பவுண்டு தீவனம் தேவைப்பட்டது. இரண்டரைப் பவுண்டுக் கோழி தேற 112 நாள் பிடித்தது. இவ்வளவு தீவனத்தை ரொக்கம் கொடுத்து வாங்கும் ஆற்றல் உழவரிடம் இல்லாததால், கடன் கொடுக்கக்கூடியவர் கைக்கே தொழிலின் கடிவாளம் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கடனை ஒரு முறையாக்கியவர் ஜார்ஜியா மாநிலத்துக் கெயின்ஸ்வில் நகரில் குடும்பத் தீவன வணிகத்தை நடத்திய ஜெசி ஜுவெல். பருத்தி விலை வீழ்ந்து, பெருமந்தத்தால் வாங்குவோர் இல்லாமற்போன 1930களில், அவர் குஞ்சையும் தீவனத்தையும் உழவர்களுக்குக் கடனாகக் கொடுத்து, வளர்ந்த கோழியைத் தாமே திரும்ப எடுத்துக்கொண்டு, கணக்குத் தீர்த்து மீதியைக் கொடுத்தார். பின்னர்ப் பொரிப்பகம், இறைச்சிக் கூடம், தீவன ஆலை ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டதால், தானியம் உள்ளே நுழைவது முதல் இறைச்சி வெளியேறுவது வரை அனைத்தும் ஒரே முதலாளியின் கணக்குப் புத்தகத்திற்குள் அடங்கின. ஒருங்கிணைப்பு என்று இத்தொழிலில் வழங்குவது இதுவே. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்தின் உடைமை. கொட்டகையும் உழைப்பும் உழவருடையவை. அவருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி. விலை ஏற்ற இறக்கத்தின் இடரை நிறுவனம் சுமப்பதாக இம்முறையைப் புகழ்வோர் கூறுவதில் பாதி உண்மை உண்டு. தீவனச் செலவு நிறுவனத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் வங்கியில் கடன் வாங்கிக் கட்டிய கொட்டகை உழவர் தலைமேல் நிற்கிறது, அதற்குள் அடுத்த தொகுதிக் குஞ்சு வருமா என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது.

டைசன் 1963இலும், பில்கிரிம்ஸ் பிரைட் 1986இலும், சாண்டர்சன் ஃபார்ம்ஸ் 1987இலும் பொதுமக்களுக்குப் பங்கு விற்றன. அப்பங்குகளை வாங்கியவர்கள் கோழியின் மீது முதலீடு செய்ததாக எண்ணியிருக்கலாம். உண்மையில் அவர்கள் வாங்கியது, ஒருபுறம் மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு ஆகியவற்றின் விலைக்கும் மறுபுறம் இறைச்சி விலைக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியையே. உயிர்க்கோழியின் ஆக்கச் செலவில் பாதிக்கு மேல் தீவனமாக இருக்கும் தொழிலில், அந்த இடைவெளி நிறுவனத்தின் திறமையைவிட, மக்காச்சோளம் விளையும் அயோவா மாநிலத்தின் மழையையே அதிகம் நம்பியிருக்கிறது.

இதை முதன்முதலாக நாடறியக் காட்டியது 1973ஆம் ஆண்டு. அதற்கு முந்தைய ஆண்டில் சோவியத் ஒன்றியம் அமெரிக்கத் தானியத்தைப் பேரளவில் வாங்கிக் குவித்தது. பெரு நாட்டுக் கடலில் எல் நினோ வெப்பத்தால் நெத்திலி மீன்பாடு சரிந்து, தீவனத்திற்கான மீன்தூள் உலகச் சந்தையில் அருகியது. புரதத்திற்குச் சோயாவைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலையில், 1973 ஜூன் மாதத்தில் சோயா ஒரு புஷல், அதாவது ஏறத்தாழ 27 கிலோ, 12 டாலரைத் தாண்டியது. அதே மாதத்தில் விலைவாசியை அடக்க அதிபர் நிக்சன் 60 நாள் விலை முடக்கத்தை அறிவித்தார். பண்ணையிலிருந்து நேரே வரும் தானியத்திற்கு முடக்கம் இல்லை. பதப்படுத்தி விற்கும் கோழிக்கு உண்டு. ஏறும் செலவுக்குத் தடையில்லாமலும் விற்கும் விலைக்குப் பூட்டுப் போட்டும் வைத்த அந்த ஆணையின் விளைவு சில நாள்களிலேயே தெரிந்தது: டெக்சாசின் ஜோக்கின் ஊரில் வளர்த்தால் நட்டம் என்று 43,000 குஞ்சுகளை நீரில் மூழ்கடித்துக் கொன்ற காட்சி தொலைக்காட்சியில் நாடெங்கும் ஓடியது. ஜூன் 27 அன்று சோயா ஏற்றுமதிக்கும் தடை விதிக்கப்பட்டது. அத்தடையால் அதிர்ந்த ஜப்பான் பின்னாளில் பிரேசிலின் சோயா விளைநிலங்களை வளர்க்கப் பணம் இறைத்தது என்பதையும், அதே பிரேசிலின் இறைச்சி நிறுவனம் ஒன்று ஒருநாள் அமெரிக்கக் கோழித் தொழிலை வாங்க வந்தது என்பதையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்; ஒன்றிலிருந்து மற்றொன்று நேராக விளைந்தது என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

தீவனம் ஏறினால் இறைச்சி விலையை ஏற்றிவிட்டால் போயிற்று என்று வெளியிலிருப்போர் கருதுவது இயல்பு. எந்த நிறுவனமும் தனித்து அவ்வாறு செய்ய இயலாது. சந்தையில் கோழி குறைந்தால்தான் விலை ஏறும். கோழி குறைய வேண்டுமாயின் பொரிப்பகத்தில் வைக்கும் முட்டையைக் குறைக்கவேண்டும். 21 நாள் அடைக்காலமும் ஆறேழு வார வளர்ப்பும் கழிந்தே அக்குறைப்பு கடைக்கு எட்டும். முதலில் குறைப்பவர் தம் வாடிக்கையாளரைப் போட்டியாளரிடம் இழப்பார் என்பதால், ஒவ்வொருவரும் மற்றவர் குறைக்கட்டும் என்றே காத்திருப்பர். பன்றி, மாட்டு இறைச்சியில் இந்தத் தாமதம் இன்னும் நீளும். தீவனம் தாளாதபோது உழவர் தாய்ப்பசுவையே விற்றுவிடுவதால் இறைச்சி முதலில் மலிந்து, சில ஆண்டுகள் கழித்தே அருகும். 2012ஆம் ஆண்டின் கடும் வறட்சிக்குப் பிறகு, 2014 தொடக்கத்தில் அமெரிக்க மாட்டு எண்ணிக்கை 1951க்குப் பின் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியது.

2005ஆம், 2007ஆம் ஆண்டுச் சட்டங்கள் பெட்ரோலில் எத்தனால் கலப்பதைக் கட்டாயமாக்கியபின், கோழிக்கும் காருக்கும் ஒரே தானியத்தில் பங்கு கேட்கும் நிலை உருவாயிற்று. 2005இல் புஷல், அதாவது 25 கிலோவுக்குச் சற்று மேல், ஏறத்தாழ 2 டாலருக்கு விற்ற மக்காச்சோளம் 2008 ஜூனில், அயோவா வெள்ளத்தோடு, 7 டாலரைக் கடந்தது. அந்த ஏற்றத்தின் தொடக்கத்தில், 2007 ஜனவரியில், பில்கிரிம்ஸ் பிரைட் சுமார் 110 கோடி டாலருக்குக் கோல்ட் கிஸ்ட் நிறுவனத்தைக் கடன்பட்டு வாங்கி நாட்டின் மிகப் பெரிய கோழி நிறுவனமானது. விலை இன்னும் ஏறும் என்ற அச்சத்தில் முன்பேர வணிகத்தில், அதாவது பின்னாளில் பெறும் சரக்குக்கு இன்றே விலை உறுதி செய்யும் ஏற்பாட்டில், அது உயர்ந்த விலைக்குத் தானியத்தைப் பூட்டிக்கொண்டது. சந்தையோ கோடைக்குப் பின் சரிந்தது. 2008 டிசம்பர் 1 அன்று அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியபோது, மக்காச்சோளம் ஜூன் உச்சத்தின் பாதிக்கும் கீழே கிடந்தது. ஆகவே தீவன விலையே அதைக் கொன்றது என்று எழுதுவது அரைகுறைக் கணக்கு. ஏற்றமும் இறக்கமும் எல்லாருக்கும் பொதுவாக இருக்க, இதன் தோளில் மட்டும் கோல்ட் கிஸ்ட் கடன் இருந்தது.

2009 டிசம்பரில் பிரேசிலின் ஜேபிஎஸ் நிறுவனம் 80 கோடி டாலருக்குப் பில்கிரிம்ஸ் பிரைட்டின் 64 விழுக்காட்டுப் பங்கை எடுத்துக்கொள்ள, பழைய பங்குதாரர்களுக்கு 36 விழுக்காடு எஞ்சியது. திவாலில் பங்குதாரர் கையில் எதுவும் மிஞ்சாததே உலக வழக்கம். ஆதலால் ஒரு டாலருக்கும் கீழே இறங்கிய அப்பங்கை விடாமல் வைத்திருந்தோர் தப்பியது அறிவினால் என்பதைவிட அதிர்ஷ்டத்தினால் என்பதே பொருந்தும். ஆலைகள் மூடப்பட்ட ஆர்கன்சாவின் எல் டொராடோ போன்ற இடங்களில், கடன் தீராத கொட்டகைகளோடு நின்ற ஒப்பந்த உழவர்களுக்கு அந்த 36 விழுக்காட்டில் எதுவும் இல்லை.

அடுத்து வந்த ஏற்றத்தில் 2010இல் டவுன்சென்ட்ஸ், 2011இல் ஆலன் குடும்ப நிறுவனம், கேகல்ஸ் எனப் பழைய பெயர்கள் வரிசையாகச் சாய்ந்தன. டெலவேரின் ஆலன் நிறுவனத்தைத் தென்கொரியாவின் ஹாரிம் ஏலத்தில் எடுத்தது. சாண்டர்சன் ஃபார்ம்ஸும் 2008இலும் 2011இலும் நட்டம் கண்டது. ஆயினும் கடன் சுமை இலேசாக இருந்ததால் நட்டத்தைத் தாங்கி, புதிய ஆலைகளையும் கட்டி, 2022இல் பங்குக்கு 203 டாலர் வீதம் மொத்தம் சுமார் 450 கோடி டாலருக்கு விலைபோனது. வாங்கிய கார்கில், காண்டினென்டல் கிரெய்ன் ஆகிய இரண்டுமே தானிய வணிகத்தில் வளர்ந்தவை.

இந்தியாவில் இதே ஒருங்கிணைப்பு முறையை 1990களில் பரப்பியது, உடுமலைப்பேட்டையில் 1984இல் தொடங்கப்பட்ட சுகுணா நிறுவனம். கொங்குப் பகுதியின் கறிக்கோழிப் பண்ணைகளில் குஞ்சும் தீவனமும் நிறுவனம் இறக்க, கொட்டகை, தண்ணீர், மின்சாரம், தரையில் பரப்பும் தேங்காய் நார்க்கழிவு ஆகியவை பண்ணையாளர் பொறுப்பாகின்றன. சுகுணா பங்குச் சந்தைக்கு வராததால், பொது முதலீட்டாளருக்கு வெங்கீஸ் போன்ற சில பங்குகளே கிடைக்கின்றன. அமெரிக்கா 2005க்குப் பின் கண்ட சிக்கல் இங்கும் வந்துவிட்டது. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் வடிப்பதற்கு நடுவண் அரசு கட்டுப்பாடு விதித்து, அடுத்த மாதமே மக்காச்சோள எத்தனாலுக்குக் கொள்முதல் விலையை உயர்த்தியது. அதுவரை மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா, 2024இல் அதை இறக்குமதி செய்யும் நாடாயிற்று.