கரைசலின் பதம்

1748 புதுவைக்கு முற்றுகை ஆண்டு. ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் ஊரை வளைத்து நின்று, மழைக்காலம் நெருங்கவே கைவிட்டுப் போனார். அதே ஆண்டு பாரிசில் நொல்லே என்ற பாதிரியார், சாராயம் நிறைந்த குடுவையின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலால் இறுகக் கட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தார். சில மணி நேரத்தில் தோல் புடைத்தது. ஊசியால் குத்தியதும் பீறிட்டடித்தது. சவ்வூடு பரவல் அறிவுலகுக்கு அறிமுகமானது இப்படித்தான்.

ஏறத்தாழ 1960-இல், லாஸ் ஏஞ்சலிஸின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப்பும் சீனிவாச சௌரிராஜனும் இந்தப் பரவலை எதிர்த்திசையில் திருப்பி (ஆர்.ஓ. எனும் எதிர்ச் சவ்வூடு பரவல்) கடல்நீரை நன்னீராக்கும் சவ்வைச் செய்தார்கள். சௌரிராஜன் என்பது திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர். மாசிமகத்துக்கு அவர் கடலாட வருவது நம் காரைக்கால் பகுதியின் திருமலைராயன்பட்டினத்துக்குத்தான்! இந்தப் பெயர்ப் பொருத்தம் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அவர்கள் செல்லுலோஸ் அசிட்டேட் கரைசலைக் கண்ணாடியில் மெல்லப் பரப்பி, சற்றே உலரவிட்டு, குளிர்ந்த நீரில் அமிழ்த்தினார்கள். மேலே மெல்லிய தோல், கீழே பஞ்சு போன்ற அடுக்கு. துளையுள்ள வடிகட்டிச் சவ்வுகளும் இதே வழியில் பிறந்தன. ஆனால் அவற்றின் துளைகள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று கண்டபடி அமைந்தன.

ஒழுங்கைக் கொண்டுவந்தது பிளாக் கோபாலிமர். ஒன்றோடொன்று ஒட்டாத இருவகைப் பாலிமர்த் துண்டுகளை ஒரே சங்கிலியாகப் பிணைத்தது அது. பிரியவும் முடியாது, கலக்கவும் முடியாது. எனவே கரைசலிலேயே மூலக்கூறுகள் திரண்டு மிசெல் உருண்டைகளாகும். செறிவு கூடினால் உருண்டைகள் வரிசை கட்டும். புளூரானிக் எஃப்-127 என்ற மூன்று துண்டுப் பிளாக் கோபாலிமரை நீரில் 20 சதவீதம் கரைத்துப் பாருங்கள். குளிர்பெட்டியில் தண்ணீராய் ஓடும். புதுவை வெயிலில் மேசைமேல் வைத்தால் கட்டியாகி ஜெல்லாய் நிற்கும். நம் வீட்டு ஜெல்லிக்கு நேர் எதிர். சூட்டில் நடுத்துண்டு நீரை வெறுத்து உள்ளொடுங்குவதே காரணம்.

2007-இல் ஜெர்மனியின் கீஸ்டாக்டில் பைனமன், ஆபெட்ஸ், சைமன் மூவரும், பாலிஸ்டைரீனும் பாலிவினைல்பிரிடினும் பிணைந்த சங்கிலியின் கரைசலைப் பரப்பி, சற்றே உலர்த்தி, நீரில் இறக்கினார்கள். சவ்வின் மேற்பரப்பில் தேனடை போல் ஒரே அளவுத் துளைகள்! பாகு காய்ச்சுவோர் கம்பிப் பதம், உருண்டைப் பதம் என்பார்களே, அதுதான் இங்கும். ஒரு நொடி தவறினால் ஒழுங்கு கலையும். சவ்வின் தலைவிதி கரைசலிலேயே எழுதப்படுகிறது. ஆகவேதான் ஆய்வாளர்கள் எக்ஸ் கதிர்களையும் நியூட்ரான்களையும் சிறுகோணத்தில் சிதறடித்துக் கரைசலுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் நியூட்ரானுக்கு டிராம்பேயின் துருவா அணு உலை உண்டு.

கடலோரக் கிணறுகளில் ஏறும் உப்பை இந்தச் சவ்வு தீர்க்கும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். உப்பு அயனி ஒரு நானோமீட்டருக்கும் சிறியது. இத்துளைகள் பெரும்பாலும் அதைப்போல் பல மடங்கு. வைரஸையும் புரதத்தையும் பிரிக்க இது ஏற்றது. உப்புக்கு இன்றும் ஆர்.ஓ. சவ்வுதான், அதன் அடித்தாங்கலும் கரைசலை நீரில் அமிழ்த்தித்தான் வார்க்கப்படுகிறது.