டெபியன் திட்டத்தில் நிரல் எழுதாதோர் பெற்ற வாக்குரிமை

முன்னுரை

கட்டற்ற மென்பொருளின் வரலாறு பெரும்பாலும் நிரலாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின், ஒரு மென்பொருள் பயனரைச் சென்றடைய மொழிபெயர்ப்பு, ஆவணமாக்கம், வழு அறிவித்தல், வடிவமைப்பு ஆகிய பணிகளும் இன்றியமையாதவை. இப்பணிகளைச் செய்வோர் உதவியாளர்களா, உறுப்பினர்களா என்னும் வினாவிற்கு டெபியன் திட்டம் 2010ஆம் ஆண்டு அளித்த விடையை இக்கட்டுரை ஆராய்கிறது.

விதியும் நடைமுறையும்

டெபியன் திட்டத்தை இயன் மர்டாக் 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கினார். தன்னார்வலர்களால் இயங்கும் இத்திட்டம் 1998 டிசம்பரில் தனக்கென ஓர் அமைப்புச் சட்டத்தை ஏற்றது. அதன்படி உறுப்பினர்கள் ‘உருவாக்குநர்’ எனப்படுவர். தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் பொதுத் தீர்மானங்களில் வாக்களிக்கவும் அவர்களுக்கே உரிமை உண்டு. மென்பொருள் பொதிகளைப் பராமரிப்போரோடு, திட்டம் பயனுடையதெனக் கருதும் பிற பணிகளைச் செய்வோரும் உருவாக்குநர் ஆகலாம் என்பது அச்சட்டத்தின் வரையறை. எனவே, நிரல் எழுதாதோருக்குச் சட்டம் கதவடைக்கவில்லை. எனினும், புதிய உறுப்பினரைச் சேர்க்கும் நடைமுறை பொதி பராமரிக்கும் திறனையே மையமாகக் கொண்டு வளர்ந்தது.

மொழிபெயர்ப்பாளர் பங்கு

2007 ஏப்ரலில் வெளிவந்த டெபியன் 4.0 பதிப்பின் நிறுவி 58 மொழிகளில் அமைந்தது. தமிழும் அவற்றுள் ஒன்று. அப்பதிப்பில் அறிமுகமான வரைகலை இடைமுகம் சிக்கலான எழுத்தமைப்புக் கொண்ட மொழிகளையும் திரையில் காட்ட வல்லது. அவ்வசதியை நிரலாளர் உருவாக்கினர். திரையில் தோன்றும் சொற்களை மொழிபெயர்ப்பாளர் அளித்தனர். ஒன்றின்றி மற்றொன்று பயன் தராது.

2010ஆம் ஆண்டுத் தீர்மானம்

சட்டத்திற்கும் நடைமுறைக்கும் இடையிலான இவ்விடைவெளியை 2010 அக்டோபரில் நிறைவேறிய பொதுத் தீர்மானம் குறைத்தது. பொதி பராமரிப்பு அல்லாத பணிகளால் பங்களிப்போரையும் திட்டத்தின் உறுப்பினராக அத்தீர்மானம் வரவேற்றது. அவர்களுக்கு வாக்குரிமை உண்டு. மென்பொருள் களஞ்சியத்தில் பொதிகளைப் பதிவேற்றும் அனுமதி மட்டும் இல்லை.

இக்கட்டுப்பாடு உறுப்பினரிடையே ஏற்றத்தாழ்வை உண்டாக்குவதாகத் தோன்றலாம். ஆயின், களஞ்சியத்தில் சேரும் ஒரு பொதி எண்ணற்ற கணினிகளில் நிறுவப்படுகிறது. ஆதலின், பதிவேற்றும் அனுமதி தேவையுடையோரிடம் மட்டும் இருப்பதே பாதுகாப்பானது. முடிவெடுக்கும் உரிமை பங்களிப்பைச் சார்ந்தது; பதிவேற்றும் அனுமதி குறிப்பிட்ட தொழில்திறனைச் சார்ந்தது. இவ்விரண்டையும் வேறுபடுத்தியதே இத்தீர்மானத்தின் சிறப்பாகும்.

முடிவுரை

1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொல்லளவில் இருந்த உரிமை, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் நடைமுறைக்கான வழியைப் பெற்றது. மொழிபெயர்ப்பாளரும் ஆவணம் எழுதுவோரும் தம் பணியின் வழியாகவே திட்டத்தின் போக்கைத் தீர்மானிக்கும் நிலையை அடைந்தனர். நிரல் எழுதாதோரின் பங்களிப்பைப் பாராட்டுவது வேறு, அவர்களுக்கு வாக்களிப்பது வேறு என்பதை டெபியன் வரலாறு தெளிவுறுத்துகிறது எனலாம்.