நோட்டீஸில் பெயரில்லாத குழு: சிவகாசி வட்டார ஸ்பெஷல் நாடகத்தின் கூட்டு அமைப்பு

நாரணாபுரம் போன்ற சிவகாசிப் பக்கத்து ஊர் ஒன்றின் நாடக வரலாற்றை எழுதப் புகுகிறவர் முதலில் ஒரு சபாவின் பெயரைத் தேடுவார். கிடைக்காதபோது, ஊருக்கு நாடகம் வந்துபோனது, குழு இருந்ததில்லை என்று முடித்துவிடுவார். ஸ்பெஷல் நாடக ஆய்வில் ஒரு சாரார் நெடுங்காலமாகச் சொல்லிவருவதும் இதுவே. 1918இல் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற அமைப்புகளில் வாத்தியார், ஒத்திகை, ஒரே கூரை, ஒரே பந்தி என்று குழு வாழ்ந்தது. நடிகர்களைத் தனித்தனியே பேசி அழைக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் அது சிதறியது என்பது அவர்கள் வாதம். இம்முடிவு ஒரே வகைச் சான்றின் மீது, நாடக நோட்டீஸின் மீது, அளவுக்கு மீறிச் சாய்ந்திருக்கிறது. அதே சான்றை வேறு விதமாகவும் வாசிக்கலாம். வாசிக்க வேண்டும் என்பதே என் துணிபு.

நோட்டீஸின் அமைப்பு ஏறக்குறைய மாறாதது. உச்சியில் தெய்வத்தின் பெயர். அடுத்துத் திருவிழா, தேதி, இரவு தொடங்கும் நேரம். கொட்டை எழுத்தில் 'வள்ளி திருமணம்' அல்லது 'பவளக்கொடி'. அதன்கீழ் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என்று படத்தோடு பெயர்கள். பிறகு ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு. கடைசியில் விழாக் கமிட்டி. ஒவ்வொரு கலைஞரின் பெயரோடும் அவரவர் ஊர். ஊர்கள் வேறுவேறாக இருப்பதைக் காட்டித்தான், இது கூலிக்குக் கூடிய கூட்டம் என்கிறார்கள். ஆனால் பெயர்கள் நிற்கும் இடங்களைப் பாருங்கள். ஆள் மாறினாலும் பார்ட் மாறுவதில்லை. மேடையிலும் அப்படியே: முதலில் பபூன், பிறகு பபூனும் டான்ஸும், நள்ளிரவுக்கு மேல் கதை. ஒத்திகையே இல்லாமல் நாரதரும் வள்ளியும் நெடுநேரம் தர்க்கம் செய்கிறார்கள். ஒருவர் எடுத்த பாட்டுக்கு மற்றவர் பதில் பாட்டு எடுக்க வேண்டும்; ஆர்மோனியக்காரர் அந்த நொடியில் சுருதி பிடிக்க வேண்டும். முன்பின் அறியாதவர்கள் இதைச் செய்ய முடியாது. அந்தப் பழக்கத்தைத் தந்தது சுவாமிகள் வகுத்த பாடமும் அதைக் கைமாற்றிக் கற்ற கலைஞர் சமூகமும். நோட்டீஸ் காட்டுவது அந்தப் பெரிய குழுவிலிருந்து ஓர் இரவுக்குத் திரட்டிய சிறு குழுவை.

இந்த வாசிப்பைச் சோதிக்கச் சிவகாசியிலேயே ஒருவர் இருக்கிறார். 1886இல் அங்கே பிறந்து, திருமங்கலத்தில் வாழ்ந்த எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ், மதுரகவி பாஸ்கரதாஸின் தேசியப் பாடல்களை மேடையில் பாடிப் பலமுறை சிறை சென்றவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்திலேயே உயிர் நீத்தவர். அவர் பெயரோடு பிரியாமல் பேசப்படும் கொக்குப் பாட்டு, வெள்ளைக் கொக்கைச் சாக்கிட்டு வெள்ளை ஆட்சியைச் சாடுவது. இதைப் புராணக் கதைக்குள் வெளியிலிருந்து செருகிய அரசியலாகவும் ஒரு தனிமனிதரின் துணிச்சலாகவும் மட்டும் பார்ப்பது வழக்கம். துணிச்சலில் ஐயமில்லை. ஆயினும் வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சி, பறவைப் பாட்டுக்கு இயல்பாகவே இடம் தருகிறது. அப்பாட்டு மேடையேற வேண்டுமானால் ஆர்மோனியக்காரர் உடன்பட வேண்டும், தாளக்காரர் உடன்பட வேண்டும், உடன் நடிப்பவர் அடுத்த வசனத்தை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். 1876ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிச் சட்டம் ஆட்சேபத்துக்குரிய நாடகத்தைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. அன்றிரவு மேடையில் எடுக்கப்படும் பாட்டை முன்கூட்டிப் பிடிப்பது அதற்கு எளிதன்று. கைது செய்யப் பாடியவர்தான் அகப்பட்டார். வழக்கில் தனிமனிதர் தெரிவதால் மேடையிலும் அவர் தனியாகவே இருந்தார் என்று கொள்வது பிழை.

நோட்டீஸ் வெறும் விளம்பரம், சான்றாகாது என்பார்கள். அப்படியானால் குழு இல்லை என்பதற்கும் அது சான்றாகாது. இதில் மேலும் பேச ஒன்றுமில்லை. சாதி பற்றிய மறுப்பு கனமானது. விஸ்வநாத தாஸ் மருத்துவர் சமூகத்தவர் என்பதால் நடிகையர் சிலர் அவரோடு நடிக்க மறுத்தனர். இப்படிப் பிளவுபட்டதைக் கூட்டமைப்பு என்பது பொருந்துமா? பொருந்தும் என்றே கருதுகிறேன். அது சமத்துவமான குழுவாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரே பாடம், ஒரே மேடை முறை என்ற பிணைப்பு இருந்ததால்தான் விலக்குவது வலிமையான ஆயுதமாயிற்று. அந்தப் பிணைப்பைக் கைவிடாமல் தாஸ் தொடர்ந்து ராஜபார்ட்டாக நின்றதும் அதனால்தான் பொருள் பெறுகிறது. சம்பளப் போட்டியைச் சுட்டுவோருக்கு ஒன்று சொன்னால் போதும்: ஒரே கூரைக்கீழ் வாழ்ந்த நாடகக் கம்பெனிகளிலும் அது இருந்தது.

ஆகவே இவ்வட்டாரத்தில் சபாப் பெயர் கிடைக்காததை வெற்றிடமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஊர்க் கமிட்டிகளின் வரவு செலவு நோட்டுகளையும் நோட்டீஸ்களையும் ஆண்டுவாரியாகச் சேர்த்து, யார் யாரோடு எந்தப் பார்ட்டில் மீண்டும் மீண்டும் வருகிறார்கள் என்று அடுக்கிப் பார்த்தால் குழுவின் உருவம் தெரியும். அச்சுத் தொழிலுக்குப் பேர்போன வட்டாரம் தன் நாடகக்காரர்களின் தாள்களைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிவிடுவதற்கு முன் அந்த வேலை தொடங்க வேண்டும்.