மோட்டார் சைக்கிள் மின்னேற்ற அமைப்பு: கடலூர், சிதம்பரம் பகுதியில் வீட்டுப் பழுதுநீக்கத்தின் வரலாறு

மோட்டார் சைக்கிளின் மின்னேற்ற அமைப்பு என்பது, என்ஜின் சுழலும்போது மின்சாரத்தை உண்டாக்கி, அதை ஒரே திசையில் பாயும்படி மாற்றி, அளவு மீறாமல் பேட்டரியில் சேர்க்கும் உறுப்புகளின் தொகுதியாகும். மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலும், காஸ்டன் பிளாண்டே 1859-இல் உருவாக்கிய ஈய-அமில மின்கலமும் இதற்கு அடிப்படை.

கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் ஏறத்தாழ 45 கி.மீ. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகள் கடலில் சேரும் தாழ்வான கரையோரப் பகுதி இது. முதுநகர்த் துறைமுகத்துக்கு விடியற்காலையில் போகும் மீன் வியாபாரிக்கும், இரவுப் பணி முடித்துத் திரும்பும் தொழிலாளிக்கும் இருசக்கர வாகனமே பிழைப்பு. வண்டி இருட்டில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு எழுபது ஆண்டுகளில் பதில் பலமுறை மாறியிருக்கிறது.

டைனமோ காலம்

மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூர் ஆலையிலிருந்து புல்லட் வண்டிகள் வெளிவந்தன. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1960-இல் அமைந்தது. வாகன மின்கருவிகளை இங்கேயே செய்வதற்காக, பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் இணைந்து 1961-இல் சென்னை பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தை உருவாக்கின.

ஜாவாவில் இருந்தது 6 வோல்ட் டைனமோ. வலப்பக்க மூடியைக் கழற்றினால் அது கண்முன் நிற்கும். ஆர்மேச்சர் சுழல, அதன் செம்புத் தகடுகள்மேல் உரசி நிற்கும் கார்பன் பிரஷ்கள் மின்சாரத்தை வெளியே எடுத்துத் தரும். என்ஜின் மெதுவாக ஓடும்போது பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பப் பாயாதபடி கட்-அவுட் ரிலே தடுக்கும்.

இதில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிபவை. பிரஷ் தேய்ந்திருக்கும், செம்புத் தகடுகள் கருத்திருக்கும், தகடுகளுக்கு இடையிலுள்ள மைக்கா மேலே துருத்தியிருக்கும். மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, தீட்டிய ஹேக்ஸா பிளேடுத் துண்டால் மைக்காவைச் சுரண்டி, புதுப் பிரஷ் வைத்தால் வேலை முடிந்தது. நெடுநாள் நின்ற டைனமோவில் மிச்சக் காந்தம் குறைந்துபோனால், பேட்டரியிலிருந்து ஒரு நொடி களச்சுருளுக்கு மின்சாரம் தொட்டு வைத்துத் திரும்ப உயிர்கொடுப்பதும் உண்டு. திருப்புளி, ஸ்பானர், ஒரு டெஸ்ட் லாம்ப் ஆகியவையே போதும். காயில் எரிந்தால் மட்டும் காயில் கட்டுபவரிடம் போக வேண்டும்.

புல்லட்டின் ஹெட்லைட் மேல்மூடியில் ஒரு சிறிய அம்மீட்டர் இருந்தது. என்ஜின் மெல்ல ஓடும்போது விளக்கைப் போட்டால் முள் கழித்தல் பக்கம் சாயும். ஆக்ஸிலேட்டரைத் திருப்பினால் கூட்டல் பக்கம் ஏறும். ஓட்டுபவர் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும் பேட்டரிக்குள் மின்சாரம் போகிறதா, வெளியே வருகிறதா என்பதைப் போகிற போக்கில் அறிந்துகொள்ள முடிந்தது. பிற்கால வண்டிகள் பலவற்றிலிருந்து இந்த முள்ளை எடுத்துவிட்டது, சிக்கனம் என்ற பெயரில் நடந்த ஒரு நட்டம்.

பேட்டரி இல்லாமலும் ஓடிய வண்டிகள்

1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 மொபெட் இயங்குவதற்குப் பேட்டரி தேவைப்படவில்லை. ஃபிளைவீல் காந்தம் சுழல, ஒரு சுருள் பொறிக்கும் இன்னொரு சுருள் விளக்குக்கும் மின்சாரம் தந்தன. வேகம் கூடினால் விளக்கு பளிச்சிடும், குறைந்தால் மங்கும். சைக்கிள் டைனமோவோடு வளர்ந்த ஊர்களில் இது யாருக்கும் வியப்பளிக்கவில்லை. பின்னர் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற வண்டிகளிலும் பேட்டரி செத்தாலும் கிக்கரை மிதித்து வீடு வந்து சேர முடிந்தது.

இதே காலத்தில் 6 வோல்ட் மெல்ல 12 வோல்ட்டுக்கு இடம்கொடுத்தது. 30 வாட் விளக்குக்கு 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும். 12 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் போதும். கம்பியில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அதே கம்பியில் இழப்பு நான்கில் ஒன்றாகிறது.

மூடிய பெட்டியின் வருகை

சிலிக்கான் டையோடு மலிவானதும் டைனமோவின் காலம் முடிந்தது. ஆல்டர்னேட்டரில் காந்தம் சுழல்கிறது, சுருள் அசையாமல் நிற்கிறது. தேய்வதற்குப் பிரஷ் இல்லை. மெக்கானிக்குகள் 'மேக்னெட் காயில்' என்று சொல்லும் இதிலிருந்து வரும் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்குவதும் அளவைக் கட்டுப்படுத்துவதும் 'ஆர்.ஆர். யூனிட்' எனப்படும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையரின் வேலை. நிலைக்காந்தத்தின் வலிமையைக் குறைக்க முடியாது. ஆகவே பல வண்டிகளில் மிஞ்சும் மின்சாரத்தை இந்தப் பெட்டி குறுக்குச் சுற்றாகத் திருப்பிவிடுகிறது. அதனால்தான் அது சூடாகிறது. அலுமினியச் செதில்களோடு காற்றுப்படும் இடத்தில் பொருத்தப்படுகிறது. உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் வீட்டில் பிரித்துப் பார்க்க வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களில் என்ஜின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது விதியானது. 2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ். 6 மாசு விதி வந்தபின், கார்புரேட்டர் இருந்த இடத்தில் பெரும்பாலும் எரிபொருள் ஊசிமுறை வந்தது. பெட்ரோல் பம்பும் கட்டுப்பாட்டுக் கணினியும் மின்சாரத்தில் இயங்குபவை. பல மாடல்களில் கிக்கரும் போய்விட்டது. முன்பு மின்னேற்றம் நின்றால் விளக்கு மங்கும். இப்போது சிறிது தூரத்தில் வண்டியே நிற்கும். தேவை கூடிய அதே காலத்தில் உறுப்பு கைக்கு எட்டாமல் போனது.

தண்ணீரும் உப்பும்

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2015 நவம்பர், டிசம்பர் மழையில் மாவட்டத்தின் பல பகுதிகள் மூழ்கின. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணை பெருகிக் கடலூருக்குள் நீர் புகுந்தது. இத்தகைய வெள்ளத்தில் நின்ற வண்டி உடனே பழுதாகாமல் ஓடவும் கூடும். கம்பிகளை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளருக்குள் தங்கிய ஈரம் செம்பு ஊசிகளில் பச்சைக் களிம்பைப் பிடிக்க வைக்கிறது. கிள்ளை, பரங்கிப்பேட்டை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று மட்டுமே இதைச் செய்துவிடும்.

களிம்பு பிடித்த இணைப்பின் மின்தடை 0.2 ஓம் என்று கொள்வோம். அதன் வழியே 10 ஆம்பியர் பாய்ந்தால் 2 வோல்ட் அங்கேயே போய்விடும். 20 வாட் வெப்பமும் உண்டாகும். ரெகுலேட்டர் 14.2 வோல்ட் தந்தாலும் பேட்டரிக்குக் கிடைப்பது 12.2 மட்டுமே. நிறைந்த பேட்டரியின் ஓய்வு அழுத்தமே 12.6 அளவில் இருக்கும்போது, இதைக் கொண்டு அது நிறைவது எப்படி? கப்ளர் பழுப்பேறி உருகுகிறது. குற்றம் பேட்டரி மேல் விழுகிறது. புதுப் பேட்டரியும் சில வாரங்களில் இறங்கிவிடுகிறது. ஏழைக் குடும்பங்களின் பணம் இப்படித்தான் வீணாகிறது.

இன்றைய வீட்டுப் பழுதுநீக்கம்

ஆகவே பழுதுநீக்கம் வீட்டிலிருந்து முற்றாகப் போய்விடவில்லை. உறுப்புக்குள்ளிருந்து உறுப்புகளுக்கு இடையிலுள்ள கம்பிக்கு இடம் மாறியிருக்கிறது. உப்புத்தாளின் இடத்தில் மல்டிமீட்டர் வந்திருக்கிறது. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தியே சோதிக்க வேண்டும். மூடிய அறையில் புகையின் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

நன்கு நிறைந்த பேட்டரி, என்ஜின் நின்றிருக்கையில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். என்ஜினை நடுத்தர வேகத்தில் ஓட்டினால் அது 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் மேல் ஐயம் கொள்ளலாம். ஏறவே இல்லையென்றால், ஓடும் நிலையிலேயே ரெகுலேட்டரின் வெளிவரும் கம்பிக்கும் பேட்டரியின் நேர்முனைக்கும் இடையே அளக்க வேண்டும். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், இடையிலுள்ள கப்ளரையோ ஃபியூஸ் பிடிப்பையோ திறந்து பார்ப்பதே முதல் வேலை. எர்த் பக்கத்துக்கும் இதே சோதனைதான். துருவேறிய ஃபிரேமில் எர்த் கம்பி தளர்ந்திருப்பது மிகச் சாதாரணமான காரணம், ஆனால் கடைசியாகத்தான் பலர் அதைப் பார்க்கிறார்கள்.

இணைப்புகள் சரியென்றால் காயிலுக்குப் போகலாம். மூன்று கம்பி வரும் வண்டிகளில் கப்ளரைப் பிரித்து, எந்த இரண்டு கம்பிக்கு இடையே அளந்தாலும் மாறுமின்னழுத்தம் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். அது 50 வோல்ட்டைத் தாண்டக்கூடும் என்பதால் வெறுங்கையால் தொடக்கூடாது. என்ஜினை நிறுத்திய பின், இம்மூன்றில் எதற்கும் என்ஜின் உடலோடு தொடர்பு இருக்கக்கூடாது. இருந்தால் காயில் எரிந்துள்ளது. என்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கம் இன்றைய வண்டிகளின் கணினியைக் கெடுத்துவிடும்.

வெள்ளத்தில் நனைந்த வண்டிக்குச் சாவி போடுவதற்கு முன்பே பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். உப்புநீர் என்றால் முதலில் நல்ல நீரால் கழுவி, கப்ளர்களைத் திறந்து உலர்த்த வேண்டும். இறங்கிய பேட்டரியை மெதுவாக ஏற்றுவதே நல்லது. 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர் போதும்.

இப்போது ஓட்டுநர்கள் சிலர் சிறிய டிஜிட்டல் வோல்ட்மீட்டரை வாங்கிக் கைப்பிடியருகே பொருத்திக்கொள்கிறார்கள். புல்லட்டின் முள் செய்த வேலையை அது எண்ணில் செய்கிறது. அதை நேரே பேட்டரியில் இணைத்தால் வண்டி நிற்கும்போதும் சிறிது மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். சாவி திறந்தபின் மட்டும் மின்சாரம் வரும் கம்பியில்தான் இணைக்க வேண்டும்.